பழைய பாட்டு சிடிகளைக் கணினியில் ஏற்றும்போது வரும் பிழைகள்: மலையில் இருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரியில் கணினி பழுதுபார்க்கும் சிறு கடை ஒன்றை நடத்தி வருகிறேன். மடிக்கணினிகளோடு பழைய பாட்டு சிடிகளையும் பை நிறையக் கொண்டுவந்து, "இதையெல்லாம் கணினியில் ஏற்றப் பார்த்தேன், பாதியில் நின்றுவிடுகிறது" என்று சொல்பவர்கள் மாதத்திற்கு நாலைந்து பேராவது வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மென்பொருளைத்தான் குறை சொல்கிறார்கள். என் அனுபவத்தில், இந்த மலையில் பாதிக்கு மேற்பட்ட பிழைகளுக்குக் காரணம் ஈரம். மீதியில் பெரும்பங்கு அவசரம். கேள்விகள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை என்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கணினியில் சிடியைத் திறந்தால் பாட்டுகள் வரிசையாகக் கோப்புகளாகத் தெரிகின்றன. அவற்றைப் பென் டிரைவில் இழுத்துப் போட்டால் ஏன் பாடுவதில்லை?

நீங்கள் இழுத்துப் போட்டவை பாட்டுகள் அல்ல. 'சிடிஏ' என்று முடியும் அந்தக் கோப்பு ஒவ்வொன்றும் 44 பைட் அளவே இருக்கும். பாட்டு தகட்டில் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற குறிப்பை மட்டும் விண்டோஸ் அப்படிக் காட்டுகிறது. பிலிப்ஸும் சோனியும் 1980இல் வகுத்த முறைப்படி, இசைத் தகட்டில் கோப்பு என்று எதுவும் கிடையாது. நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்), ஒவ்வொரு மாதிரியும் 16 பிட், இடம் வலம் என இரண்டு தடம் என்ற கணக்கில், உள்விளிம்பில் தொடங்கி வெளிவிளிம்பு வரை ஒரே சுருள்கோடாக இசை பதிந்திருக்கிறது. அந்தக் கோட்டைப் படித்துக் கோப்பாக மாற்றுவதைத்தான் 'ரிப்' செய்வது என்கிறோம்.

ஒன்றைக் கவனியுங்கள்: 2000களில் பேருந்து நிலையக் கடைகளில் வாங்கிய 'நூறு பாட்டு' சிடி என்றால் அது எம்பி3 சிடி. அதில் உண்மையாகவே கோப்புகள் இருக்கும். அதை ரிப் செய்ய வேண்டாம், அப்படியே நகலெடுத்தால் போதும்.

வீட்டு பிளேயரில் சுத்தமாகப் பாடுகிற அதே சிடியைக் கணினி மட்டும் ஏன் பிழை என்கிறது?

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். தகட்டில் எழுதும்போதே இசைத்தரவு துண்டுதுண்டாக்கப்பட்டு, ஒரு துண்டின் அண்டைத் துண்டுகள் தள்ளித் தள்ளி வைக்கப்பட்டு, சரிபார்க்கும் எண்களும் இடையிடையே சேர்க்கப்படுகின்றன. இதனால் சுருள்கோட்டின் வழியே ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளம் முற்றிலும் படிக்க முடியாமல் போனாலும், இழந்ததை எண்ணுக்கு எண் அப்படியே மீட்டுவிடலாம். அதற்கும் மேல் கெட்டிருந்தால், பிளேயர் முன்னும் பின்னும் உள்ள மாதிரிகளைப் பார்த்து நடுவில் ஒன்றை ஊகித்து நிரப்பிவிடும். அதுவும் முடியாதபோது அந்தக் கணநேரத்தை ஒலியின்றி விட்டுவிடும். காதுக்கு இது பெரும்பாலும் தெரியாது. ஆகவே பிளேயரில் 'நன்றாகப் பாடுகிறது' என்பதற்குப் பிளேயர் நன்றாகச் சமாளிக்கிறது என்றும் பொருள் கொள்ளலாம்.

கவனமாக ரிப் செய்யும் மென்பொருள் இப்படிச் சமாளிப்பதை ஏற்பதில்லை. ஒரே இடத்தை இருமுறை படித்து, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பிழை என்று அறிவிக்கிறது. கோப்புகள் வைக்கும் தரவுத் தகட்டில் இந்தத் திருத்த ஏற்பாட்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு அடுக்கும் இருக்கிறது. இசைத் தகட்டில் அது கிடையாது. அதனால்தான் படித்தது சரியா என்பதைத் திரும்பத் திரும்பப் படித்தே உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது.

தகட்டில் வெண்மையாகப் பூத்திருக்கிறது. துடைத்தால் போகுமா?

மேற்பரப்பில் மட்டும் இருந்தால் போகும். ஊட்டியிலும் குன்னூரிலும் பல மாதம் மூடியே கிடந்த பீரோக்களில் தோல் செருப்பும் பட்டுப்புடவை உறையும் பூத்துப்போவதைப் போல, தகட்டின் மீது படிந்த கைரேகை எண்ணெயிலும் தூசியிலும் பூஞ்சை பிடிக்கிறது. விளிம்பிலிருந்து கிளைபிரிந்து மெல்லிய வேர்போல உள்ளே போகும் கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சைதான்.

வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, நன்றாகத் துவைத்துத் துவைத்து மெலிந்துபோன பழைய வேட்டித் துணியால் துடையுங்கள். துடைக்கும் திசை முக்கியம். நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோடாகத் துடைக்க வேண்டும், வட்டமாகச் சுற்றித் துடைக்கக் கூடாது. நேர்க்கோட்டில் கீறல் விழுந்தால் அது சுருள்கோட்டைக் குறுக்கே வெட்டுவதால் சேதம் இம்மி அளவே, திருத்தும் ஏற்பாடு அதைச் சமாளித்துவிடும். வட்டமாக விழுந்த கீறல் கோட்டின் கூடவே ஓடி, தொடர்ச்சியாகத் தரவை அழித்துவிடும். பிறகு நல்ல நீரில் அலசி, தகட்டை நிறுத்தி வைத்து நிழலில் உலர்த்துங்கள். அடுப்பருகே வேண்டாம், ஹீட்டர் முன் வேண்டவே வேண்டாம்.

நீலகிரித் தைலத்தால் துடைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சளிக்கும் மூட்டுவலிக்கும் அது இருக்கட்டும். தைலம் ஒட்டுப்பசையையும் மையையும் கரைக்கும் தன்மையது, எண்ணெய்ப் படலத்தையும் விட்டுச் செல்லும், தகட்டின் அச்சுப் பக்கத்தில் பட்டால் எழுத்தே கரைந்துவிடும். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி ஆகியவை தகட்டின் பிளாஸ்டிக்கையே மங்கலாக்கும். சோப்பு நீரில் போகாத பிசுக்குக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் சிறிது நனைத்துப் பயன்படுத்தலாம்.

காலையில் எடுத்தால் படிக்க மறுக்கிற சிடி, மாலையில் படிக்கிறது. ஏன்?

பனிநீர். மார்கழி, தை மாதங்களில் இரவு முழுதும் சில்லிட்டுக் கிடந்த தகட்டையோ சிடியைப் படிக்கும் டிரைவையோ, ஆள் நடமாட்டமும் சமையல் ஆவியும் உள்ள அறைக்குக் கொண்டுவந்தால், மூக்குக்கண்ணாடியில் படிவது போலத் தகட்டிலும் டிரைவின் லென்ஸிலும் ஈரம் படியும். தகட்டைத் துடைத்துவிடலாம், உள்ளே இருக்கும் லென்ஸ் கைக்கு எட்டாது. டிரைவை அறைக்குள் கொண்டுவந்து இரண்டு மணி நேரம் சும்மா விடுங்கள்.

சில ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடந்த டிரைவ் என்றால் லென்ஸிலேயே பூஞ்சை மங்கல் இருக்கலாம். அப்போது எந்த சிடியைப் போட்டாலும் தகராறு வரும், புத்தம்புதிய சிடியும் திணறும். மடிக்கணினிக்கான மெல்லிய டிரைவில் தட்டை இழுத்தாலே லென்ஸ் தெரியும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஆல்கஹாலைத் தொட்டு, அழுத்தாமல் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் போதும்.

முதல் ஏழெட்டுப் பாட்டுகள் ஏறிவிடுகின்றன. கடைசி இரண்டு மூன்று மட்டும் எப்போதும் தகராறு செய்கின்றன.

சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது, கடைசிப் பாட்டுகள் இருப்பது வெளிவிளிம்பில். விரல் படுவதும் ஈரம் நுழைவதும் பூஞ்சை முளைப்பதும் விளிம்பில்தான். தகடு சற்றே வளைந்திருந்தால் அந்த ஆட்டமும் விளிம்பில்தான் அதிகம். விளிம்பை மீண்டும் ஒருமுறை சுத்தம் செய்து, வேகத்தைக் குறைத்துப் படிக்கச் செய்யுங்கள்.

யுஎஸ்பி சிடி டிரைவ் சுழலத் தொடங்கி, 'டிக் டிக்' என்று சத்தமிட்டு நின்றுவிடுகிறது.

சிடியைச் சந்தேகிக்கும் முன் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். சாதாரண யுஎஸ்பி 2 துளை தருவது 500 மில்லி ஆம்பியர். தகட்டைச் சுழற்றத் தொடங்கும் நேரத்தில் மெல்லிய டிரைவுக்கு அதைவிட அதிகம் தேவைப்படலாம். நாலு துளை உள்ள ஹப்பில் செருகியிருந்தால் கேட்கவே வேண்டாம். கணினியின் சொந்தத் துளையில், முடிந்தால் நீல நிற யுஎஸ்பி 3 துளையில், டிரைவோடு வந்த குட்டைக் கம்பியால் நேரடியாகச் செருகுங்கள். இரட்டை முனைக் கம்பி இருந்தால் இரண்டு முனைகளையும் செருகுங்கள்.

எந்த மென்பொருளைப் பயன்படுத்துவது? எப்படி அமைப்பது?

விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, லினக்ஸில் சிடிபாரனாய்யா அல்லது விப்பர், மேக்கில் எக்ஸ்எல்டி. இவற்றுக்குக் காசு கிடையாது. விண்டோஸோடு வரும் பிளேயரும் ரிப் செய்யும், ஆனால் எங்கே தடுமாறியது என்று சொல்லாது. கெட்டுப்போகாத புதுத் தகட்டுக்கு அது போதும், பழைய தகட்டுக்குப் போதாது.

எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் 'செக்யூர்' முறையைத் தேர்ந்தெடுங்கள். அப்போது ஒவ்வொரு பகுதியையும் குறைந்தது இருமுறை படிக்கும். ஒத்துப்போகாவிட்டால் 16 முறை மறுபடி படித்து, அவற்றில் 8 ஒன்றாக இருந்தால்தான் ஏற்கும். இல்லையென்றால், நாம் அமைத்திருக்கும் தரத்தைப் பொறுத்து, இந்தப் பதினாறை ஐந்து சுற்று வரை திரும்பச் செய்யும். டிரைவ் தான் படித்ததை நினைவில் வைத்துக்கொண்டு, இரண்டாம் முறை தகட்டைப் பார்க்காமலேயே பழைய பதிலைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் உடையதா என்பதை அமைப்பில் சோதித்துக்கொள்ளுங்கள். அப்படி என்றால் அதற்கான கட்டத்தில் குறியிடாமல் இருமுறை படிப்பதில் அர்த்தமே இல்லை. வேகம் 4 அல்லது 8 மடங்கு போதும். 48 மடங்கில் ஓடும் தகடு, விளிம்பில் லேசான வளைவு இருந்தாலும் அதிரும்.

'ரீட் எரர்', 'சஸ்பிஷியஸ் பொசிஷன்' என்றெல்லாம் வருகிறது. பாட்டு கெட்டுவிட்டதா?

முதலாவது, இரண்டு வாசிப்புகளும் ஒத்துப்போகவில்லை, மீண்டும் முயல்கிறேன் என்பது. இரண்டாவது, எவ்வளவு முயன்றும் இந்த நேரத்தில் உள்ளதற்கு உத்தரவாதம் தர இயலாது என்பது. தகட்டிலிருந்து படிக்கும் மிகச்சிறிய பகுதி ஒரு நொடியில் 75இல் ஒரு பங்குதான், ஆகவே சந்தேகத்துக்குரிய இடம் ஒன்றிரண்டே என்றால் பாட்டு முழுவதும் போய்விட்டதாக எண்ண வேண்டாம். காதில் ஹெட்போன் மாட்டி அந்த நேரத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

சென்ற மார்கழியில் பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) பெரியவர் ஒருவர், ஹெத்தையம்மன் பண்டிகைக்காகப் பாடிப் பதிந்த படுகப் பாட்டுத் தகடு ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். மொத்தம் 11 பாட்டுகள். ஒன்பதாம் பாட்டில் மூன்று இடங்களைச் சந்தேகத்துக்குரியவை என்று மென்பொருள் காட்டியது. தகட்டைக் கழுவிவிட்டு, பழைய மேசைக்கணினியிலிருந்து கழற்றி வைத்திருந்த பெரிய டிரைவில் போட்டேன். இரண்டு இடங்கள் சரியாகிவிட்டன. மூன்றாவது இடத்தில், கொம்பு ஊதி முடியும் தறுவாயில், ஊசியால் தொட்டது போன்ற ஒரு சிறு 'டப்' மிஞ்சியது. பெரியவருக்கோ அது கேட்கவே இல்லை. அவர் கவலைப்பட்டது முதல் பாட்டின் தொடக்கத்தில் வரும் 'டொக்' என்ற சத்தத்தைப் பற்றி. படித்த தரவிலிருந்து மென்பொருள் கணக்கிட்டுக் காட்டும் சரிபார்ப்பு எண், முதல் பாட்டுக்கு இரண்டு டிரைவிலும் ஒன்றாகவே இருந்ததால், அந்தச் சத்தம் பதிவிலேயே உள்ளது என்று சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, அன்றைக்கு மைக்கைத் தட்டிவிட்டதே தான்தான் என்றார். ரிப் செய்வதில் நேர்ந்த பிழையையும் பதிவில் இருந்த சத்தத்தையும் பிரித்தறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

என் சிடி எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை என்கிறது. ரிப் சரியா என்று எப்படி அறிவது?

'அக்யூரேட் ரிப்' என்ற தரவுத்தளம், உலகில் வேறு யாரோ ரிப் செய்த அதே சிடியின் எண்ணோடு உங்களுடையதை ஒப்பிட்டுச் சொல்லும். பெருநிறுவனங்கள் வெளியிட்ட தகடுகளுக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் நம் மலையில் வீடுகளில் இருப்பவற்றில் பல, உள்ளூர் ஸ்டுடியோவில் சில நூறு படி எடுத்த படுகப் பாட்டு, கோயில் திருவிழாப் பதிவு, தேயிலைத் தோட்டத்துத் தேவாலயப் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் கீதம். அவற்றை வேறு யாரும் கணினியில் ஏற்றியிருக்கப் போவதில்லை. உங்கள் கையில் இருப்பதே கடைசிப் படியாகவும் இருக்கலாம்.

அப்படிப்பட்ட தகட்டுக்கு நீங்களே சாட்சி. 'டெஸ்ட் அண்ட் காப்பி' என்ற கட்டளையில் மென்பொருள் முழுப் பாட்டையும் இரண்டு தடவை படித்து இரண்டு எண்களைக் காட்டும். அவை ஒன்றாக இருந்தால் அநேகமாகச் சரி. அதையே இன்னொரு டிரைவிலும் செய்து ஒப்பிட்டால் ஐயம் தீரும். ஒவ்வொரு டிரைவும் சில மாதிரிகள் முன்னோ பின்னோ தள்ளிப் படிக்கத் தொடங்கும் இயல்புடையது என்பதால், ஒப்பிடும் முன் இரண்டு டிரைவுக்கும் உரிய 'ஆஃப்செட்' அளவை மென்பொருளில் இட்டிருக்க வேண்டும். இடாவிட்டால் இசை ஒன்றாக இருந்தும் எண்கள் வேறுபட்டு உங்களை வீணாகப் பயமுறுத்தும்.

கீறலுக்குப் பற்பசை தேய்க்கலாமா?

அடிப்பக்கத்துக் கீறல் என்றால், வேறு எல்லா வழியும் தீர்ந்த பிறகு, மணிமணியாக இல்லாத வெள்ளைப் பற்பசையை உள்ளிருந்து வெளியாக மென்மையாகத் தேய்த்துப் பார்க்கலாம். அடிப்பக்கத்துப் பிளாஸ்டிக் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ளது, மேலோட்டமான கீறல் தரவைத் தொடுவதில்லை. ஆனால் அதைச் செய்யும் முன் படிக்க முடிந்த பாட்டுகளையெல்லாம் ஏற்றி வைத்துவிடுங்கள்.

மேற்பக்கத்துக் கீறல்தான் ஆபத்தானது. பெயர் அச்சிட்ட அந்தப் பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு நேர் கீழே அலுமினியப் படலம் இருக்கிறது. அது பெயர்ந்தால் இசையும் சேர்ந்து பெயர்ந்துவிட்டது, தேய்த்து மீட்க வழியில்லை. தகட்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை போல வெளிச்சம் தெரியும் இடங்களில் படலம் இல்லை.

வீட்டில் எழுதிய சிடியில் ஒட்டிய காகித லேபிள் உரிந்து வருகிறது. முழுவதும் உரித்துவிடலாமா?

கூடவே கூடாது. ஈரத்தில் ஊறிய லேபிளை இழுத்தால் ஒளியைத் திருப்பும் உலோகப் படலமும் கூடவே வரும். எழுந்து நிற்கும் ஓரத்தை மட்டும் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு, மிகக் குறைந்த வேகத்தில் ஒருமுறை ரிப் செய்து முடியுங்கள். எழுதும் வகைத் தகடுகளில் தரவு இருப்பது சாயப் படலத்தில் என்பதால் அவை வெயிலுக்கும் ஆகாதவை. பையில் அச்சுத் தகடும் எழுதிய தகடும் கலந்திருந்தால், எழுதியவற்றை முதலில் ஏற்றுங்கள்.

கச்சேரி சிடியில் ஆலாபனைக்கும் கீர்த்தனைக்கும் நடுவே 'டக்' என்று விட்டுவிட்டு வருகிறது.

தகட்டில் இடைவெளி கிடையாது, எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் சிறிது வெற்றொலி சேர்கிறது. இழப்பின்றிச் சுருக்கும் பிளாக் (FLAC) வடிவத்தில் ஏற்றினால் இந்தத் தொல்லை இல்லை, ஓர் எண்ணும் இழக்கப்படுவதும் இல்லை. 74 நிமிடத் தகடு அப்படியே எடுத்தால் ஏறத்தாழ 780 எம்பி வரும், பிளாக்கில் பெரும்பாலும் அதில் பாதியோ சற்று அதிகமோ ஆகும். காரில் கேட்க எம்பி3 வேண்டுமென்றால் பிளாக்கிலிருந்து பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

பாட்டின் பெயர்கள் தப்பும் தவறுமாக வருகின்றன, தமிழில் எழுதினால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

மென்பொருள் பாட்டுகளின் நீளத்தை வைத்துத்தான் இந்த சிடி எது என்று ஊகிக்கிறது. ஒரே தகட்டில் இரண்டு மூன்று படப் பாட்டுகளைச் சேர்த்து வெளியிடும் நம் வழக்கம் அதைக் குழப்பும். உள்ளே செருகியிருக்கும் அட்டையைப் பார்த்து நீங்களே தட்டச்சு செய்வதுதான் நல்லது, அட்டையையும் படமெடுத்து அதே கோப்புறையில் வையுங்கள். கட்டம் தெரிவது காரின் பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லாததால், கோப்பில் குறையில்லை. காருக்கான படிக்கு மட்டும் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

நடுவில் மின்சாரம் போனால் சிடி கெடுமா?

கெடாது. பாதியில் நின்ற பாட்டை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். காற்றும் மழையுமாக மரம் விழுந்து மின்சாரம் போய்ப்போய் வரும் நாள்களில் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

ஏற்றிய பிறகு தகடுகளை என்ன செய்வது?

எறிய வேண்டாம், நாளை இதைவிட நல்ல டிரைவ் கிடைத்தால், பெரியவரின் தகட்டில் மிஞ்சியது போன்ற இடத்தையும் மீட்கலாம். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வைக்காதீர்கள், மழைக்காலத்தில் அந்தச் சுவர்தான் முதலில் வியர்க்கும். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு நிறுத்தி வைத்து, பொட்டலத்தை அவ்வப்போது காயவைத்து மாற்றுங்கள். பாச்சை உருண்டை போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு ஆகாது. கேமரா லென்ஸுக்காகச் செய்வதுபோல அலமாரியில் ஜீரோ வாட் பல்பு எரியவிடுவோர் உண்டு. ஈரத்துக்கு அது நல்லதுதான், ஆனால் எழுதிய தகடுகள் மீது வெளிச்சம் நேராகப் படாமல் அட்டையால் மறையுங்கள். கணினியில் ஏற்றியதற்கு இரண்டு படி எடுத்து, ஒன்றைக் கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். மென்பொருள் எழுதித் தரும் பதிவேட்டுக் கோப்பையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள். எந்தப் பாட்டில் எந்த நொடி ஐயத்துக்குரியது என்பது அதில்தான் இருக்கிறது.